குத்துச்சண்டைப் பிள்ளைகளுக்கு உடற்திறன் பரிசோதனை: கொடுத்த காசுக்கு எது தேறியது?

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன், காரணங்களைப் பிறகு பார்க்கலாம். சென்னையில் உள்ள ஒரு தனியார் விளையாட்டு அறிவியல் மையத்துக்கு எங்கள் குத்துச்சண்டைக் கூடத்துப் பிள்ளைகளை அழைத்துப் போனேன். சண்டை விளையாட்டு வீரர்களுக்கென்று அவர்கள் வைத்திருக்கும் முழுப் பரிசோதனைத் தொகுப்பைச் செய்து பார்த்தோம். அளக்கும் வேலையில் அந்த மையத்தைக் குறை சொல்ல அதிகம் இல்லை. அளந்ததைக் குத்துச்சண்டையோடு பொருத்திச் சொல்வதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். அங்கே செய்து பார்த்தவற்றில் மூன்று சோதனைகளுக்குத் தாராளமாகக் காசு கொடுக்கலாம். மற்றவற்றை விட்டுவிடலாம்.

மையத்தின் பெயரை எழுதவில்லை. இதே கருவிகளோடு இதே மாதிரித் தொகுப்பை விற்கும் இடங்கள் பெரிய நகரங்களில் பெருகிவருகின்றன. எங்கே போனாலும் இதே கேள்விகளைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.

நான் ராயபுரம் பக்கம் பயிற்சி தருகிறேன். கூடத்துக்கு வரும் பிள்ளைகளின் வீடுகளில் துறைமுக வேலை, ஆட்டோ, வீட்டு வேலை என்றுதான் வருமானம். ஒரு தலைக்கு நாலாயிரம் ரூபாய்க்கு மேல் கட்டணம் என்றால் அது ஒரு குடும்பத்தின் மாத மளிகை. எங்களிடம் பயின்று இப்போது வேலையில் இருக்கும் பழைய மாணவர்கள் சேர்ந்து பணம் போட்டதால்தான் போக முடிந்தது. அதனால் ஒவ்வொரு சோதனையையும் ஒரே கேள்வியை வைத்து எடை போட்டேன்: மூன்றாவது ரவுண்டில் கை ஏன் இறங்குகிறது?

மூன்று நிமிடம் வீதம் மூன்று ரவுண்டு, நடுவில் ஒரு நிமிட ஓய்வு. இதுதான் அமெச்சூர் குத்துச்சண்டை. கடைசி ரவுண்டில் முகத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய கை மார்புக்கு இறங்கிவிட்டால் எதிராளி புள்ளிகளை அள்ளிக்கொண்டு போவார். கை இறங்குவது எந்தப் பயிற்சியாளரின் கண்ணுக்கும் தெரியும். காரணம்தான் தெரியாது. மூச்சு போதவில்லையா, காலில் வலு இல்லையா, தன் எடைப்பிரிவுக்குள் வர முந்தைய இரண்டு நாள் சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்ததா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூச்சுக் குறைக்குக் கொடுக்க வேண்டிய பயிற்சியைத் தண்ணீர் வற்றிய உடம்புக்குக் கொடுத்தால் அந்தப் பிள்ளையை இன்னும் கீழே தள்ளுவோம். இவற்றைப் பிரித்துக் காட்டாத எந்தக் கருவியும் எனக்குத் தேவையில்லை.

மையத்தின் மேல் எனக்கு மரியாதை வந்தது முதல் அரை மணி நேரத்திலேயே. காலையில் வெறும் வயிற்றில் வரச் சொல்லியிருந்தார்கள். உள்ளே போனதும் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னக் குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் எடுத்து வரச் சொன்னார்கள். அதில் ஒரு துளியை, டார்ச் விளக்கு அளவே உள்ள ஒரு கருவியின் கண்ணாடியில் விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிறுநீரின் ஒப்படர்த்தியை, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு அடர்த்தி என்பதை, குறித்துக்கொண்டார்கள். 1.020க்கு மேல் போனால் உடம்பில் தண்ணீர் குறைவு என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எங்கள் 60 கிலோ எடைப்பிரிவுப் பையனுக்கு 1.028 காட்டியது. வரப்போகும் போட்டிக்காக அவன் தானாகவே தண்ணீரைக் குறைக்கத் தொடங்கியிருந்தான், என்னிடம் சொல்லவில்லை.

அங்கே இருந்த இளைஞர் அவனுக்கு அன்றைக்குக் கடினமான சோதனை எதையும் செய்ய மறுத்துவிட்டார். "சார், இப்ப ஓட வெச்சா வர்ற நம்பர் உங்க நம்பரே இல்ல" என்று அவனிடம் பொறுமையாகச் சொல்லி, கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறொரு நாள் கொடுத்தார். பணம் வாங்கிய கையோடு எல்லாவற்றையும் முடித்து அனுப்பியிருக்கலாம். அப்படிச் செய்யாத ஒருவரை நம்பிப் பிள்ளைகளை ஒப்படைக்கலாம்.

இந்த ஒரு துளிச் சோதனையின் அருமை தெரிய வேண்டுமானால் மல்யுத்தத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். 1997ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடை குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். ரப்பர் உடை, சூடேற்றிய அறை, தண்ணீர் மறுப்பு என்று எல்லாம் சேர்ந்த சாவு. அதற்குப் பிறகுதான் அங்கே கல்லூரி வீரர்களின் குறைந்தபட்ச எடையை நிர்ணயிக்கும்போது சிறுநீரின் ஒப்படர்த்தியையும் பார்க்க வேண்டும் என்ற விதி வந்தது. நம் ஊரில் 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் வினேஷ் போகத் 100 கிராம் கூடுதலுக்காக இறுதிப் போட்டியை இழந்தபோது எல்லோரும் அந்த 100 கிராமைப் பற்றியே பேசினார்கள். அந்த எடைக்கு வர ஓர் உடம்பு இரவெல்லாம் என்ன பாடு பட்டிருக்கும் என்று எங்கள் கூடத்துப் பெண் பிள்ளைகள் பேசிக்கொண்டார்கள். அவர்களுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும், நானும் ரிங்கில் ஏறியவள்தான்.

இப்போது அந்தக் கருவியை நாங்களே வாங்கிவிட்டோம். விலை அதிகமில்லை. போட்டிக்கு முந்தைய வாரம் தினமும் காலையில் எல்லோரும் பார்த்து நோட்டில் எழுதுகிறார்கள்.

அடுத்தது ஃபோர்ஸ் பிளேட். தொகுப்பிலேயே மிகச் சிறந்தது இதுதான். தரையில் அக்கம்பக்கமாகப் பதித்த இரண்டு உலோகப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கால் வைத்து நின்று, இடுப்பில் கை வைத்தபடி, சட்டென்று தாழ்ந்து முடிந்த உயரத்துக்குக் குதிக்க வேண்டும். கையை வீசினால் கணக்கில் சேராது. தரையைக் கால் தள்ளும் விசையை அந்தப் பலகை ஒரு நொடிக்கு ஆயிரம் முறை பதிவு செய்கிறது. குதித்த உயரத்தைச் சுவரில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கூடப் பார்த்துவிடலாம். எந்தக் கால் எவ்வளவு தள்ளியது, எவ்வளவு வேகமாகத் தள்ளியது, இறங்கும்போது எந்தக் கால் பயந்தது என்பதெல்லாம் பலகை இல்லாமல் தெரியாது.

கையால் அடிக்கிற விளையாட்டுக்குக் காலை ஏன் அளக்க வேண்டும் என்று ஒரு பிள்ளையின் அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. சோவியத் ஆய்வாளர் ஃபிலிமோனோவும் குழுவினரும் 1985ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று பயிற்சியாளர்களிடையே இன்றும் பேசப்படுகிறது. நேர்க்குத்தின் வலுவில் கால் தள்ளலுக்கும் உடல் திருப்பலுக்கும் கை நீட்டலுக்கும் எவ்வளவு பங்கு என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். தேர்ந்த வீரர்களிடம் காலின் பங்கு சுமார் 38 சதவீதம், கீழ்நிலை வீரர்களிடம் சுமார் 16 சதவீதம். கற்றுக்கொள்பவர் கையாலும் தோளாலும் அடிக்கிறார், தேர்ந்தவர் தரையிலிருந்து அடிக்கிறார். கால் ஓய்ந்தால் அந்தப் பாரமெல்லாம் தோளுக்கு ஏறும். தோள் எத்தனை நிமிடம் தாங்கும்?

எங்கள் மூத்த பெண் வலது கையைப் பின்னால் வைத்து நிற்பவள். முந்தைய ஆண்டு வலது கணுக்கால் பிசகிக் குணமாகியிருந்தாள். வலது நேர்க்குத்தில் பின்னங்கால் முழுதாக ஊன்றவில்லை என்பது அவள் குத்துகளைக் கையில் மாட்டிய பேடில் (மெத்தையில்) வாங்கும்போது என் உள்ளங்கைக்குத் தெரியும். சத்தம் வரும், பாரம் வராது. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பாள். பலகையில் ஏறி அவள் குதித்ததும் திரையில் இரண்டு கோடுகள் எழுந்தன. இடது காலின் கோடு ஒரே மூச்சில் ஏறி இறங்கியது. வலது காலின் கோடு பாதி வழியில் ஒரு நொடிப்பொழுது தயங்கி, அதன் பிறகே ஏறியது. இரண்டுக்கும் 16 சதவீத வித்தியாசம். மறுபடி குதிக்கச் சொன்னார்கள், அதே தயக்கம். மூன்றாவது தடவையும் அதே. "அக்கா, எனக்கு வலிக்கவே இல்லையே" என்று திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். வலி போய்விட்டது, பயம் காலிலேயே தங்கிவிட்டது என்று அந்த இளைஞர் விளக்கினார். அவர் சொன்னதிலேயே எனக்கு மிகவும் பிடித்த வாக்கியம் அது.

இதற்குப் பிறகு ஒற்றைக் கால் பயிற்சிகள், ஒற்றைக் காலில் குதித்து இறங்குவது, பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தந்த கணுக்கால் வேலை என்று சில மாதம் ஓடியது. மறுமுறை பலகையில் ஏற்றியபோது வித்தியாசம் ஒற்றை இலக்கத்துக்கு வந்திருந்தது. என் உள்ளங்கையும் அதையே சொல்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இத்தனை சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ஆபத்து என்று கோடு போட்டுச் சொல்லும் இடங்களை நம்பாதீர்கள். குத்துச்சண்டை வீரர் வாழ்நாள் முழுவதும் ஒரு காலை முன்னால் வைத்தே நிற்கிறார். இரண்டு காலுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருப்பது இயல்பு. அவரவருடைய பழைய அளவோடு ஒப்பிடுவதுதான் முறை. அதே போல, ஒரே நாளில் ஒரே ஆள் குதிக்கும் மூன்று குதிப்புகளுக்குள்ளேயே ஓரிரு சென்டிமீட்டர் முன்பின் இருக்கும். அடுத்த மாதம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருக்கிறது என்றால் அது முன்னேற்றம் ஆகாது.

குத்தின் விசையை அளக்கும் சுவர்ப் பலகை பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது, எனக்குப் பிடிக்கவில்லை. ஒரே ஒரு குத்து, முடிந்த அளவு பலமாக. திரையில் நியூட்டன் கணக்கில் எண் வருகிறது. எதிரில் ஆள் இல்லை, திரும்ப அடி விழாது என்பதால் பையன்கள் இடது கையைத் தொங்கவிட்டு, இரண்டடி ஓடி வந்து அடித்தார்கள். நான் ஆறு மாதமாகத் திருத்திய வழக்கங்கள் அத்தனையும் அங்கே திரும்பி வந்தன. மேலும் அந்தப் பலகை ஒரே உயரத்தில் பொருத்தப்பட்டது. குள்ளமான எங்கள் 48 கிலோ பெண் மேல்நோக்கி அடிக்க வேண்டியிருந்தது. அவளுடைய எண்ணை மற்றவர்களுடைய எண்ணோடு ஒரே பட்டியலில் வரிசைப்படுத்தியது அநியாயம். இங்கிலாந்தில் 2000ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வில் பின்கைக் குத்தின் சராசரி விசை, முன்னணி வீரர்களுக்குச் சுமார் 4,800 நியூட்டன், புதியவர்களுக்குச் சுமார் 2,400 என்று வந்தது. அதற்கென்று செய்த கருவியில், ஒரே முறையில் அளந்தவை அவை. வேறு கருவியில் வரும் எண்ணை இவற்றோடு ஒப்பிட்டுப் பிள்ளையின் தோளைத் தட்டுவதும் தவறு, தலையைக் குனிய வைப்பதும் தவறு.

டிரெட்மில்லில் முகமூடி மாட்டி ஓடவைத்து, உடம்பு அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனைப் பயன்படுத்துகிறது என்று பார்ப்பது தொகுப்பிலேயே விலை கூடியது. முகமூடி கன்னத்தை இறுக்கிப் பிடிக்கும், ஓட்டத்தின் வேகம் கூடிக்கொண்டே போகும். முடிந்ததும் காது மடலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டேட் (கடும் உழைப்பில் ரத்தத்தில் கூடும் பொருள்) அளவு பார்த்தார்கள். வேலை சுத்தமாக நடந்தது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊசியை மாற்றினார்கள், கையுறையையும் மாற்றினார்கள். தேர்ந்த அமெச்சூர் வீரர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு நிமிடத்துக்கு 55 முதல் 65 மில்லிலிட்டர் வரை வருவது வழக்கம். எங்கள் பிள்ளைகளில் இருவர் அந்த எல்லைக்குள் இருக்கிறார்கள் என்று தெரிந்தது மகிழ்ச்சிதான். ஆனால் அந்த இருவரில் ஒருவனுக்குத்தான் மூன்றாவது ரவுண்டில் கை இறங்குகிறது! டிரெட்மில் அவனை நல்ல ஓட்டக்காரன் என்று சொல்லி அனுப்பிவிட்டது. என் கேள்வி அப்படியே நின்றது.

பதில் கிடைத்தது, நானே கேட்டு வாங்கிய ஒரு சோதனையில். தொகுப்பில் அது இல்லை. நாடித்துடிப்பை அளக்கும் மார்புப் பட்டியைக் கட்டி, மூலையில் தொங்கிய பஞ்சிங் பேக்கில் போட்டிக் கணக்குப்படி மூன்று ரவுண்டு அடிக்க வைக்கலாமா என்று கேட்டேன். அந்த இளைஞர் ஒரு கணம் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். பேண்டேஜும் கிளவுஸும் போட்ட கையில் கடிகாரம் கட்ட முடியாது, அதனால் மார்புப் பட்டிதான் வழி. கட்டுவதற்கு முன் உள்பக்கத்தைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டால் முதல் நிமிடத்திலிருந்தே ஒழுங்காகப் பதிவாகும். பெண் பிள்ளைகளுக்குக் கட்டிவிட ஒரு பெண் ஊழியர் வந்தார். மாதவிலக்குத் தேதியையும் அவரே தனியாக அழைத்துக் கேட்டுக் குறித்துக்கொண்டார். இதைக் கவனமாகச் செய்யும் இடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை.

மணி அடிக்கும்போது நாடித்துடிப்பு எவ்வளவு, ஒரு நிமிட ஓய்வு முடியும்போது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதுதான் நாங்கள் பார்த்தது. மேலே சொன்ன பையனுக்கு முதல் ரவுண்டு முடிந்த ஓய்வில் துடிப்பு 40க்கு மேல் இறங்கியது. இரண்டாவது ஓய்வில் 20 கூட இறங்கவில்லை. அந்த நிலையிலேயே மூன்றாவது ரவுண்டுக்குப் போகிறான். ஓடுவதற்கான மூச்சு அவனிடம் இருக்கிறது. உச்சத்துக்குப் போய், ஒரு நிமிடத்தில் மீண்டு, மறுபடி உச்சத்துக்குப் போகும் பழக்கம்தான் இல்லை. அவனுக்கு நீண்ட ஓட்டத்தைக் குறைத்தேன். பேக்கில் சிறு சிறு வெடிப்புகளாக அடித்து, ஓய்வை அளந்து கொடுக்கும் வேலையைக் கூட்டினேன். அட்டவணையில் சேர்க்கப்படாத இந்தச் சோதனைதான் அன்றைய தினத்தின் பெரிய வரவு. மையத்தார் இதைத் தொகுப்பில் சேர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கைப்பிடி வலு, உட்கார்ந்து கால் விரலைத் தொடுவது, உடலில் மின்சாரம் செலுத்திக் கொழுப்புச் சதவீதம் பார்ப்பது இவையெல்லாம் எண்ணிக்கையைக் கூட்டத்தான் பயன்பட்டன. கொழுப்பைப் பார்க்க வேண்டுமானால் தோல் மடிப்பை இடுக்கியால் பிடித்து மில்லிமீட்டரில் கூட்டிச் சொல்லும் பழைய முறை போதும். மின்சார முறை, குடித்த தண்ணீருக்கு ஏற்ப ஆடும்.

மையத்தின் பெரிய குறை அறிக்கைதான். பக்கம் பக்கமாக ஆங்கிலம், பச்சை மஞ்சள் சிவப்புப் பட்டைகள். அந்தச் சிவப்பு யாரோடு ஒப்பிட்டுச் சிவப்பு என்று எங்கும் இல்லை. கேட்டதற்கு, பொதுவாக உடற்பயிற்சி செய்பவர்களின் சராசரி என்றார்கள். 16 வயதுக் குத்துச்சண்டைப் பெண்ணை அலுவலகம் போகும் ஆண்களும் கலந்த ஒரு சராசரியோடு ஒப்பிட்டுச் சிவப்புப் பட்டை போட்டுக் கையில் கொடுப்பதா? அவள் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அந்தப் பக்கத்தையே விரித்து வைத்திருந்தாள். அவளுடைய அம்மா அன்று இரவு எனக்குப் போன் செய்து, பிள்ளைக்கு உடம்பில் ஏதாவது கோளாறா என்று கேட்டார். அந்த இளைஞர் வாயால் தமிழில் விளக்கியபோது எல்லாம் தெளிவாக இருந்தது. அதையே ஒரு பக்கத்தில் தமிழில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? பெற்றோர் படித்துப் புரிந்துகொள்ள முடியாத அறிக்கை பெற்றோருக்குக் கொடுத்த அறிக்கை ஆகாது. இதற்கு நான் மன்னிப்பதாக இல்லை.

பரிசோதனைக்கு இடையில் உள்ள நாட்களுக்குக் காசில்லாத ஒரு முறை இருக்கிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் கார்ல் ஃபாஸ்டர் பரப்பியது. பயிற்சி முடிந்து அரை மணி நேரம் கழித்து, இன்று எவ்வளவு கடினமாக இருந்தது என்று பிள்ளையிடம் பூஜ்யத்திலிருந்து 10 வரை மதிப்பெண் கேட்க வேண்டும். அதைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்க வேண்டும். 90 நிமிடப் பயிற்சிக்கு 7 என்றால் 630. வாரத்துக்குக் கூட்டிப் பார்த்தால் யாருக்குச் சுமை திடீரென்று ஏறுகிறது என்று தெரியும். ஒருவர் சொல்வது இன்னொருவர் காதில் விழக் கூடாது. விழுந்தால் எல்லோரும் 5 என்பார்கள். ஸ்பாரிங் (இருவர் எதிரெதிரே நின்று மோதிப் பழகுவது) நடக்கும் நாட்களில் நான் எதிர்பார்ப்பதைவிட இரண்டு மதிப்பெண் கூடவே வருகிறது, அதற்கேற்ப மறுநாள் வேலையை இறக்கிவிடுகிறேன்.

அடுத்த மாநிலத் தேர்வுப் போட்டிக்கு முன்னால் மறுபடி போகிறோம். முழுத் தொகுப்பு வேண்டாம், ஃபோர்ஸ் பிளேட்டும் பேக்கில் மூன்று ரவுண்டும் போதும் என்று பேசியதில் கட்டணம் பாதிக்கும் கீழே வந்திருக்கிறது. தனித்தனியாக எடுக்கலாம் என்பதை அவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள், கேட்டால் மறுக்கவும் மாட்டார்கள். போகிறவர்கள் வாரநாள் காலையில் போங்கள், சனி ஞாயிறில் மாரத்தான் ஓடுபவர்கள் கூட்டம். பரிசோதனைக்கு முந்தைய நாள் ஸ்பாரிங் வைக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் அதே நேரம், அதே ஷூ. பெண் ஊழியர் அன்றைக்குப் பணியில் இருக்கிறாரா என்று முன்பே போனில் கேட்டுக்கொள்ளுங்கள். தமிழில் ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி நீங்களும் கேளுங்கள், பலர் கேட்டால்தான் தருவார்கள்.